மூச்சுக்கு அரை மணி

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் அவள் முதலில் வானத்தைப் பார்ப்பாள். பிறகுதான் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்ப்பாள்.

"திருநவேலிக்குன்னா டிரைவர் பக்கம் உக்காரு. ராஜபாளையத்துக்குன்னா படிப் பக்கம். காலைல போகையிலயும் அதே பக்கந்தான், சாயங்காலம் வரையிலயும் அதே பக்கந்தான். நாம திரும்புறதுக்குள்ள சூரியனும் இடம் மாறிக்கிடும்லா."

நான் கணக்குப் படித்தவள். யார் எதைச் சொன்னாலும் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் தெற்கு வடக்கு போட்டு, பஸ்ஸை வரைந்து, காலைச் சூரியனையும் மாலைச் சூரியனையும் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாகவே இருந்தது. சூரியனைச் சரிபார்த்த நான் அவளைச் சரிபார்க்கவில்லை.

நேரில் பேசும்போது "அக்கா வாங்க, அக்கா சொல்லுங்க" என்று வாய்க்கு வாய் மரியாதை கொடுத்தவள்தான் நான். எழுத உட்கார்ந்தால் "அவள்" என்றுதான் வருகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்கரன்கோவிலில் நாங்கள் வாடகைக்கு இருந்த காம்பவுண்டில் மாடி வீடு அவளுடையது. அவளும் வாடகைக்குத்தான் இருந்தாள், தனியாக. ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான உருவம், எப்போதும் தோளில் ஒரு காக்கிப் பை. கல்யாணம் ஆனவளா இல்லையா என்று காம்பவுண்டில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "அது ஒரு கத மக்கா. பஸ்ஸு வாரதுக்குள்ள முடியாது" என்றாள். அத்தோடு நான் கேட்கவில்லை.

நான் அங்கே குடிவந்தபோது பெரியவள் நந்தினிக்கு ஆறு வயது, சின்னவன் கவினுக்கு மூன்று. என் வீட்டுக்காரர் குவைத்தில். மாமியார் திருவேங்கடத்தில் காட்டையும் வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். நந்தினியின் பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் மூன்று பேர் மட்டும் டவுனில். என் வழித்தடம் வீடு, பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, வெள்ளிக்கிழமை கோவில். அதைத் தாண்டி எங்கேயும் போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. "ரெண்டு பிள்ளையளையும் வச்சிக்கிட்டுத் தனியா எங்கயும் அலையாத" என்று குவைத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை குரல் வரும், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

பிள்ளைகள் செல்போனிலேயே கிடந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செல்போனைப் பிடுங்க, கவின் தரையில் புரண்டு அலறினான். அலறல் கேட்டு அவள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"பிள்ளைய வீட்டுக்குள்ள அடச்சா அது செல்லுக்குள்ளதான் போகும். வேற எங்க போகும்? அடுத்த ஞாயித்துக்கெழம நாம திருநவேலி போறோம்."

"அவுக விடமாட்டாகக்கா."

"நம்பரக் குடு. நான் பேசுதேன்."

மொட்டைமாடியில் நின்று பத்து நிமிஷம் பேசினாள். கீழே நான் படபடப்போடு நின்றேன். இறங்கி வந்து, "சரின்னுட்டாரு" என்றாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "மனுசன்கிட்ட பேசுற மாதிரி பேசினேன்" என்றாள். எட்டு வருஷக் கல்யாணத்தில் என்னால் வாங்க முடியாத சம்மதத்தைப் பத்து நிமிஷத்தில் வாங்கிக் கொடுத்தவளை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்? அன்று ராத்திரி அவளுக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலமானால் திட்டம் தயாராகிவிடும். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், நிமிஷ வாரியாக எழுதியிருப்பாள். ஆறு ஐம்பதுக்கு வீடு. ஏழு பத்துக்கு பஸ், டிரைவர் பக்கம். ஏழு நாற்பதுக்குக் கவினுக்கு பிஸ்கட், "அழுறதுக்கு முன்னால" என்று பக்கத்திலேயே குறிப்பு. எட்டு நாற்பத்தைந்துக்குப் புது பஸ்ஸ்டாண்டு, வந்தாலும் வராவிட்டாலும் எல்லாரும் ஒண்ணுக்கு. ஒன்பதே காலுக்கு டவுன் பஸ். தாளின் முன்பக்கத்தில் ராகு காலம் எமகண்டமெல்லாம் அச்சடித்திருக்கும். அதைப் பற்றிக் கேட்டால், "ராகு காலத்துல பஸ்ஸு ஓடாமலா நிக்கி?" என்பாள்.

அவளுக்குச் சில சட்டங்கள் இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு வேடிக்கைதான். இரண்டாவது வேடிக்கை பார்க்கப் போனால் இரண்டுமே கெட்டுப்போகும். பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்கக்கூடாது, ஆளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். நந்தினிக்குப் பாலம் எண்ணும் வேலை. கவினுக்கு டிக்கெட் பிடித்துக்கொள்ளும் வேலை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லாத டிக்கெட் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்தப் பூஜ்ஜியம் போட்ட டிக்கெட்டுகளையெல்லாம் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்தாள். மழைநாளில் பிள்ளைகள் அதை வைத்துக் கண்டக்டர் விளையாட்டு விளையாடுவார்கள். "டிக்கெட்ட எறியாதிய. எல்லாத்துக்கும் ஒரு ரெக்கார்டு வேணும்" என்பாள்.

பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுகிறேன் என்று ஆயிரம் ரூபாய் செலவழித்து எங்கேயாவது கூட்டிப்போய், அங்கே அதுகள் வரிசையில் நின்று அழுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவள் பஸ்ஸையே வேடிக்கையாக்கினாள். திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்தின் மேலே டவுன் பஸ்ஸில் போனோம், இறங்கி, கீழடுக்கு வழியாக நடந்து திரும்பினோம். நடந்துகொண்டிருக்கும்போது மேலே பஸ்கள் போகும் சத்தம் தடதடவென்று கேட்டது. "இப்ப நம்ம பஸ்ஸு நம்ம தலைமேல போகுதா?" என்று நந்தினி கேட்டாள். அவ்வளவுதான் அன்றைய வேடிக்கை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கட்டிலுக்கு மேலேயும் கீழேயும் பஸ் ஓட்டினார்கள் இரண்டு பேரும்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனோம். எங்கேயும் ஏறிப் போக இல்லை, ரயில் வருவதைப் பார்க்க. பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். தூரத்தில் விளக்கு தெரிந்ததும் கவின் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கி, தான்தான் ரயிலைக் கூப்பிடுவதுபோல் "வா வா" என்றான். ரயில் வந்தது. அவன் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என்னைப் போட்டோ எடுத்தாள். "எதுக்குக்கா அழுற மூஞ்சிய எடுக்கிய?" என்றேன். "ஞாபகத்துக்கு" என்றாள்.

அவளுடைய காக்கிப் பையில் எப்போதும் ஒரு கட்டு பேண்டேஜ் துணி இருக்கும். ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். தினமும் இங்கிருந்தே பஸ்ஸில் போய்வந்திருக்கிறாள், பஸ் ஞானமெல்லாம் அப்படி வந்ததுதான். ஒருநாள் தென்காசி பஸ்ஸில் கவின் பக்கத்து சீட்டுப் பெரியவரின் வெள்ளை வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டான். அவர் எழுந்து கத்த ஆரம்பித்தார். நான் குறுகிப்போனேன். அவள் அந்தத் துணிக்கட்டை எடுத்து, தண்ணீரில் நனைத்து, அவர் வேட்டியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, கத்தாதிய. உங்க பேரன் எடுத்தா கத்துவியளா? தேனா இனிக்காதாக்கும்?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கும்போது கவினுக்கு ஒரு சாத்துக்குடி கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பெனியில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறேன். "எந்தப் பிள்ள எத்தன மணிக்கு எந்திரிச்சு வெளிய போனா, எப்பத் திரும்பி வந்தா, யாருகூட நின்னு பேசினா, அத்தனையும் தாள்ல எழுதி சாயங்காலம் மேனேஜர் மேசைல வைக்கணும். இருவத்தி ரெண்டு வருசத்துல ஒரு நிமிசம் கூட்டியோ கொறச்சோ எழுதுனதில்ல. எழுதி வச்சா சண்டையில்ல மக்கா." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்டுக்கொண்டு நானும் சிரித்தேன். கண்ணுக்கு முன்னால் வைத்ததைப் பார்க்காத ஆள் நான்.

எல்லாத் திட்டத்திலும் நடுவே ஒரு வரி இருக்கும். "மூச்சு, அரை மணி." முதல் தடவை பார்த்தபோது என்னவென்று கேட்டேன்.

"அது பிள்ளையளுக்கு இல்ல, உனக்கு. பெத்தவ மூச்சு விடலைன்னா பிள்ளையளுக்கு ஊரு சுத்துன சந்தோசம் இருக்காது. அரை மணி நேரம் நான் பாத்துக்கிடுதேன். நீ எங்கனயாவது போயிட்டு வா. எங்க போனன்னு நான் கேக்கமாட்டேன்."

அவள் கேட்டதே இல்லை. அது உண்மை.

முதல் மூச்சில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இடுப்பில் பிள்ளை இல்லாமல் நடப்பது மறந்துபோயிருந்தது. கை இரண்டையும் எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. திருநெல்வேலியில் ஒரு கடைத்தெருவில் நடந்தேன். ஒரு கடையில் நின்று பன்னீர் சோடா குடித்தேன். கண்ணாடிக்குள் போட்டிருந்த ஒரு நீலச் சேலையை ரொம்ப நேரம் பார்த்தேன். எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றதே நன்றாக இருந்தது. அந்த அரை மணி உலகத்தில் யாருக்கும் தெரியாத அரை மணி என்ற நினைப்புத்தான் அதில் ருசி. திரும்பி வந்ததும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். "மூச்சு" என்கிற சொல் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமான சொல்லாக ஆனது. பிள்ளைகள் முன்னால்கூட, "இன்னைக்கு மூச்சு எத்தன மணிக்கு?" என்று கேட்டுக்கொள்வோம்.

இப்படிப் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள்.

நான் பி.எட். முடித்தவள். சான்றிதழ்கள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தன. ஒரு தனியார் பள்ளிக்கூடம் சங்கரன்கோவிலில் புதிதாகக் கிளை திறக்கப்போவதாகவும், கணக்கு டீச்சர் வேண்டும் என்றும், பாளையங்கோட்டையில் அவர்களுடைய பெரிய பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நேர்காணல் என்றும் கல்லூரித் தோழி ஒருத்தி செய்தி அனுப்பினாள். வீட்டுக்காரரிடம் கேட்டால் பதில் எனக்குத் தெரியும். கேட்டிருக்கிறேன், இரண்டு தடவை. வேலை கிடைத்து, உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர்தான், நந்தினியை விடும் நேரத்தில் போய், கூட்டிவரும் நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னால் ஒருவேளை நடக்கலாம். கிடைப்பதற்கு முன்னால் சொன்னால் நடக்காது. ஆக, அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அவளிடம் மட்டும் சொன்னேன்.

கேட்டதும் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "ஏட்டி, இத எதுக்குப் பயந்து பயந்து சொல்லுத? பன்னெண்டாவது ஞாயித்துக்கெழம திருநவேலி அறிவியல் மையம். பிள்ளையளுக்கு அங்கன பாக்க ஆயிரம் இருக்கு. மூச்சு ஒண்ணரை மணி நேரம் போட்டுருவோம்."

அப்படியே எழுதினாள். நேர்காணல் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை. "பதினொண்ணு முதல் பன்னெண்டரை வரை மூச்சு."

நேர்காணலில் என்னைப் பாடம் நடத்தச் சொன்னார்கள். கரும்பலகையில் பின்னங்களை எடுத்தேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு கையில் சாக்பீஸ் தூள். நடத்தி முடித்ததும் அங்கே இருந்த அம்மா, "ஜூன்ல சேந்துருங்க" என்றார். டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது பஸ்ஸை நானே இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அறிவியல் மைய வாசலில் அவள் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்து நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கினாள். நடித்தாளா என்று அப்புறம் ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். இல்லை, அந்தக் கண்ணீர் நிஜம். அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். பிள்ளைகளிடம் பேசினார். அறிவியல் மையத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். அப்புறம் என்னிடம், கோபமே இல்லாத குரலில், "ஏட்டி, ஞாயித்துக்கெழம மூச்சு ஒண்ணரை மணி நேரமாம்லா? வழக்கமா அரை மணிதான?" என்றார்.

முதலில் நான் சிரித்தேன். அந்தச் சொல் அவ்வளவு பழகியிருந்தது. பிறகுதான் அது அவர் வாயிலிருந்து வருகிறது என்று உறைத்தது. அந்தச் சொல் அவருக்கு எப்படித் தெரியும்?

"பள்ளிக்கூடத்துக்கு நேத்தே போன் போட்டுட்டேன். வீட்டுல ஒத்துவராதுன்னு சொல்லியாச்சு. நீ ஒண்ணும் பேசவேண்டாம். அம்மைய அடுத்த வாரம் அங்கன வரச் சொல்லிருக்கேன்."

பள்ளிக்கூடத்தின் பெயர் அவளைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. இருந்தாலும் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். "உங்க ஹஸ்பண்ட் பேசிட்டாருங்களே மேடம், லிஸ்ட்ல அடுத்தவங்கள எடுத்துட்டோம்" என்றது ஒரு குரல்.

மாடிக்கு ஏறினேன். பன்னிரண்டு நாள்காட்டித் தாள்களும் கையில் இருந்தன, நான் அத்தனையையும் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான சொன்னது?"

"நான் சொல்லல மக்கா. தாள எப்பவும் போல அனுப்புனேன். ஒண்ணரை மணி நேரம் என்னன்னு அவரு கேட்டாரு. கேட்டதுக்குச் சொன்னேன்."

"எப்பவும் போலன்னா?"

அவள் செல்போனை எடுத்து நீட்டினாள். ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய ஒன்றாக அதை அவள் நினைக்கவே இல்லை. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் இருந்தன. தாள்களின் போட்டோ, டிக்கெட்டுகளின் போட்டோ, ஸ்டேஷனில் நான் அழுத போட்டோ. நடுநடுவே அவள் எழுதியது. "9.40 பாலம். பிள்ளையளுக்கு சந்தோசம்." "11.00 மூச்சு. சோடா குடிச்சா. தனியாத்தான் நின்னா. நீலச் சேல ஒண்ணப் பாத்தா. எடுக்கல." எதிர்ச்சாரியில் பிள்ளைகளோடு நின்று பார்த்திருக்கிறாள். "எங்க போனன்னு நான் கேக்கமாட்டேன்" என்றவள் எதற்குக் கேட்கவேண்டும்? அதற்குக் கீழே இன்னொரு வரி. "இன்னைக்கு நல்லா சிரிச்சா." அதற்கு அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

என் சிரிப்பைக்கூட எழுதி மேசையில் வைத்திருந்தாள்.

"மொத நாளு அவரு எப்படிச் சரின்னாருன்னு நெனச்ச? எங்க போனா, எத்தன மணிக்கு வந்தா, எல்லாம் நான் எழுதி அனுப்புதேன் தம்பின்னு சொன்னேன். அப்புறந்தான் விட்டாரு. நான் அனுப்பலைன்னா நீ பாலத்தப் பாத்திருப்பியா, ரயிலப் பாத்திருப்பியா? சந்தோசமா இருந்தியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"இருந்தேன்."

"அதுக்குப் பேசுன பேச்சுதான் இது."

"ஒரு வரிய விட்டுருக்கலாமேக்கா. மூச்சு அரை மணின்னு எழுதியிருக்கலாம்லா. பள்ளிக்கூடத்துப் பேரைத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா."

"என்னையப் பொய் எழுதச் சொல்லுதியா? எனக்கு ஒளிச்சுப் பழக்கமில்ல. அப்படி ஒரு நினைப்பே எனக்கு வராது மக்கா."

தாள்களை அவள் ஆய்ந்து வைத்த கீரைமேல் போட்டுவிட்டு இறங்கினேன்.

மாமியார் வந்து எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதமும் ஒரே மாடிப்படியை நானும் அவளும் பயன்படுத்தினோம், ஒரு வார்த்தை பேசாமல். காலையில் அவள் கோலம் போட இறங்கினால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். பிள்ளைகள் மட்டும் போய்வந்தார்கள். தடுக்கவில்லை, அவர்கள் சண்டை இல்லையே. பிறகு அவள் சிவகாசியில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். போகும்போது கவின் கையில் டிக்கெட் டப்பாவைக் கொடுத்திருக்கிறாள். நான் அதைத் தூக்கி எறிய இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

வீட்டுக்காரர்மேல் எனக்கு இந்த அளவுக்கு ஆத்திரம் இல்லை. கேட்டால் விசித்திரமாக இருக்கும். அவர் என்ன செய்வார் என்று எனக்கு முன்பே தெரியும், அதையே செய்தார். பூட்டுப் போட்டவனைவிடச் சாவி தருகிறேன் என்று சொன்னவள்மேல்தான் வயிறு எரிகிறது. ஆனாலும் இத்தனை வருஷமாக அவளுக்காக மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே இருந்தான். பாவம், அவள் புத்தி அப்படி. இருபத்திரண்டு வருஷம் எழுதிக் கொடுத்தே பழகியவள். மறைக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றாது. கள்ளங்கபடம் இல்லாத ஒருத்தி தெரியாமல் செய்த துரோகம். அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறும். அவளுக்காக இல்லை, அவளை நம்பின எனக்காக.

போன மாதம் வரைக்கும் அந்த வக்கீல் இருந்தான்.

இப்போது நந்தினி ஆறாம் வகுப்பு, கவின் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போவதை நான் மறுபடி ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. ஊர்ப் பெயரை மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அதற்கு மேல் அவர் கேட்பதும் குறைந்துவிட்டது. போன மாதம் பாளையங்கோட்டையில் வேறொரு பள்ளிக்கூடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அவர்களுக்கும் இங்கே ஒரு கிளை இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பருத்திச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நந்தினி நாள்காட்டித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். ஏழு பத்து பஸ், டிரைவர் பக்கம். கவினுக்கு பிஸ்கட், அழுகிறதற்கு முன்னால். எட்டு வயதுப் பையன் அழமாட்டான், இருந்தாலும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, "மூச்சு, ஒண்ணரை மணி. நானும் கவினும் ஸ்கூல் வராண்டாவுல பெஞ்சில இருப்போம்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "எந்த ஸ்கூல்?"

"பீரோவுலருந்து சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வச்சிருக்கியே, இன்டர்வியூதானம்மா? அன்னைக்கு மாதிரி."

"அன்னைக்கு நான் எங்க போனேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மாடிப் பெரியம்மா சொன்னாங்க. அறிவியல் மையத்துல, நீ போனதும். அம்மா டீச்சர் ஆகப் போறா, இத நாம மூணு பேரும் ரகசியமா வச்சுக்கிடணும், அப்பாகிட்ட மூச்சுவிடக் கூடாது, அப்பாவுக்குத் தெரிஞ்சா அம்மாவ விடமாட்டாங்கன்னு சொன்னாங்க. என் தலைல கை வச்சுச் சத்தியம் வாங்குனாங்க. நான் சொல்லவே இல்லம்மா. அன்னைக்கு அப்பா வீடியோவுல அறிவியல் மையத்தப் பத்திக் கேட்டப்பகூடச் சொல்லல."

ஆறு வயது அப்போது அவளுக்கு. என்ன நடந்தது, வேலை ஏன் போனது, மாடிக்கும் எங்களுக்கும் ஏன் பேச்சில்லை, எதுவும் அவளுக்குத் தெரியாது. ஐந்து வருஷம் அந்தச் சத்தியத்தை நந்தினி காப்பாற்றியிருக்கிறாள்.

மாடியில் இருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மறைக்க வேண்டியது எது, யாரிடமிருந்து, ஏன் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தியம் வாங்கின கையாலேயே தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். மறுநாள் ஏழு பத்து பஸ்ஸில் மூன்று பேரும் டிரைவர் பக்கம் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வெயிலுக்கு முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். எங்கள்மேல் வெயில் படவில்லை.